இருட்டில் ஒரு மடி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் வேணியைக் கையில் கட்டைப்பையோடு மாடிப்படியில் நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள். கால் கடுக்காதா? முதலில் அவளைக் கீழே இறக்கிவிடுவோம்.

அதற்கு முன்னால், இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. முசிறிப் பக்கம் வாழை போட்டுப் பிழைத்தவன் மாதவன். ஒரு விடிகாலையில் மோட்டார் போடப் போன இடத்தில், மணல் லாரியை மறித்த கிராம உதவியாளர் மேல் அந்த லாரியையே ஏற்றிக் கொன்றதைக் கண்ணால் பார்த்துவிட்டான். பார்த்ததோடு சும்மா இருக்காமல் போலீஸில் சொல்லியும் விட்டான். மணல் கான்ட்ராக்டரின் ஆட்கள் வீடு தேடி வந்த அன்றே மனைவி வேணியையும் மகன் அரவிந்தனையும் கூட்டிக்கொண்டு ஊரை விட்டவன்தான். இன்றைக்கு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில் ஒரு மாடி அறை. வீட்டுக்காரர்களைப் பொறுத்தவரை இவர்கள் கரூர்க்காரர்கள், பெயரும் வேறு. மாதவனுக்கு முதுகில் கோளாறு, படி இறங்க முடியாது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மகள் ரஞ்சனி மட்டும் முசிறியில், புகுந்த வீட்டில் இருக்கிறாள். இவர்கள் ஊரை விட்டபோது அவள் கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட வெளுக்கவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் மாதவன் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும். இத்தனை நாள் மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்திருந்ததே அந்த ஒரு நாளுக்காகத்தான். அப்படியிருக்க, இந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வேணி சினிமாவுக்குக் கிளம்புகிறாள். சினிமாவுக்கு!

படியில் பாதி இறங்கியவள் மனசு கேட்காமல் திரும்பி ஏறி அறைக்குள் வந்தாள்.

"ஏங்க, நான் போகட்டுமா வேணாமா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

மாதவன் நிமிரவில்லை. அவன் முன்னால் சாக்கு நிறையச் சின்ன வெங்காயம். அரவிந்தன் பார்சல் கட்டுகிற ஹோட்டலுக்கு உரித்துக் கொடுக்கிற வேலை. வாழைத்தாரைத் தனி ஆளாகத் தோளில் தூக்கி லாரியில் ஏற்றிய மனுஷன், இப்போது சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறான். அதில் ஒரு வசதியும் உண்டு. கண் கலங்கினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

"போவேணாம்னு சொன்னா கேக்கவா போற?"

"கேப்பேன். இத்தனை நாளா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

அது பொய்யில்லை. ரஞ்சனிக்கு வளைகாப்பு நடந்தபோது போகவில்லை. தலைப்பிரசவத்துக்கு மகளை வீட்டுக்கு அழைத்து வரவில்லை. மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று தகவல் வந்த அன்று, இந்தச் சின்ன அறைக்குள் சுவருக்கும் சுவருக்குமாக நடந்து தீர்த்தாள். பிறந்தது பெண் பிள்ளை, பெயர் யாழினி. அவ்வளவுதான் தெரியும். இவர்களிடம் இருப்பது பட்டன் போன். அதில் பேத்தியின் போட்டோ எங்கே வரப்போகிறது?

மாதவன் கத்தியைக் கீழே வைத்தான். "எதுக்குப் போறேன்னு புரியுது வேணி. அங்க எவன் இருப்பானோன்னுதான் யோசிக்கிறேன்."

"எவனும் இருக்க மாட்டான். மாப்பிள்ளையும் ரஞ்சனியும் மட்டுந்தான் வர்றாங்க. காதுகுத்துக்குத் துணி எடுக்க வர்றவங்க, அப்படியே ஒரு படம் பாக்குறாங்க. நாங்களும் பாக்குறோம். கடைசி வரிசை. இன்டர்வெல் விடுறதுக்கு முன்னாடி நானும் அரவிந்தனும் எந்திரிச்சு வந்துடுவோம். லைட்டுகூட போட்டிருக்க மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் யாழினிக்கு மொட்டை, காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் இல்லாவிட்டால் யாரோ ஒருவர் மடி. அரவிந்தன் என்ற மாமன் கல்லு மாதிரி கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கமே இருக்க, பிள்ளை எவனோ ஒரு பங்காளிப் பையன் மடியில் உட்கார்ந்து அழப்போகிறது. வேணியால் அதைத்தான் தாங்க முடியவில்லை. குத்துவதற்கு முன்னால் ஒரு தடவையாவது சொந்த மாமன் மடியில் உட்கார்ந்துவிட வேண்டும். இருட்டில் என்றாலும் மடி மடிதானே என்பது அவள் கட்சி.

"செவ்வாய்க்கிழமை முடிஞ்சதும் பாத்துக்கலாம்ல?"

"செவ்வாய்க்கிழமை முடிஞ்சதும் நாம எங்க இருப்போம்? உங்களுக்குத் தெரியுமா?"

மாதவன் ஒரு வெங்காயத்தை எடுத்து, உரிக்காமலே சாக்கில் திரும்பப் போட்டான்.

"போயிட்டு வா. எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா. மூக்கு யாரு மூக்குன்னு மட்டும் வந்து சொல்லு."

இதைச் சொல்லும்போது அவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள் வேணி. காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. ஆற்றில் தண்ணீர் இருந்தது. இதே தண்ணீர் நேற்றைக்கோ முந்தாநாளோ முசிறியைத் தாண்டித்தான் வந்திருக்கும். தன் வீட்டு வாழையைக் கேட்க ஆளில்லை, இந்தத் தண்ணீருக்கு மட்டும் ஊருக்கும் இங்கேயும் போக்குவரத்து என்று அதன் மேல்கூட அவளுக்குக் கோபம் வந்தது.

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே முசிறி பஸ் நிற்கிறது. "முசிறி, முசிறி, முசிறி" என்று கண்டக்டர் கூவுகிறார். ஏறி உட்கார்ந்தால் போதும், சாயங்காலக் காபிக்கு வீட்டு வாசல். வேணியின் கால் தானாக நான்கு எட்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

"அம்மா, இந்தப் பக்கம்." அரவிந்தன் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஹோட்டல் வண்டியில் வந்திருந்தான். தாடி வளர்த்திருந்தான். இந்தத் தாடி அவனுக்குப் பொருந்தவே இல்லை என்பது வேணியின் தீராத குறை.

"தெரியும்டா. சும்மா பாத்தேன்."

"எல்லாரும் சும்மாதான் பாக்குறோம். வா."

தியேட்டரில் கூட்டமில்லை. ரிலீஸாகி இரண்டாவது வாரமே படுத்துவிட்ட படம். மாப்பிள்ளை அதனால்தான் அதைப் பிடித்தார். கதை என்ன ஏது என்று அவருக்கும் தெரியாது, இவர்களுக்கும் தெரியாது. விளக்கை அணைத்துப் படம் ஓட ஆரம்பித்தபிறகுதான் தெரிந்தது, அதுவும் ஒரு குடும்பம் ஒளிந்து வாழ்கிற கதை.

"அட கஷ்டமே," என்றான் அரவிந்தன்.

படத்தில் அந்தக் குடும்பம் மலை மேல் ஒரு பங்களாவில் ஒளிந்திருந்தது. பெரிய பெரிய ஜன்னல்கள். அந்த ஜன்னல் ஓரம் நின்று அம்மாக்காரி பீங்கான் கோப்பையில் டீ குடித்தாள். பின்னணியில் வயலின் அழுதது.

"ஒளிஞ்சிருக்கிறவ எவடா ஜன்னல்கிட்ட நிப்பா?" என்று வேணி முணுமுணுத்தாள். "நாம ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டி எவ்வளவு நாளாச்சு!"

"படத்துக்கு வெளிச்சம் வேணும்மா."

"இவளுக்கு என்ன, வெங்காயமா உரிக்கணும்?"

அதற்குள் கதவு திறந்தது. வெளிச்சம் ஒரு கீற்று உள்ளே வந்து போனது. தோளில் பிள்ளையோடு ஒரு பெண் படியேறி வந்தாள். நடையை வைத்தே தெரிந்துவிட்டது.

ஆனால் பின்னால் வந்தது மாப்பிள்ளை இல்லை. இரண்டு கையிலும் ஜவுளிக்கடைப் பைகளோடு யமுனா வந்தாள்.

யமுனா, ரஞ்சனியின் ஓரகத்தி. மாப்பிள்ளையின் அண்ணன் மனைவி. இந்தக் குடும்பம் பயப்பட வேண்டிய ஆட்களுக்கு ஒரு வரிசை போட்டால் அதில் முன்னாலேயே நிற்க வேண்டியவள். அவள் கூடப்பிறந்த தம்பிதான் மணல் கான்ட்ராக்டரின் ஜீப்பை ஓட்டுகிறவன்.

அரவிந்தன் வேணியின் முழங்கையைப் பிடித்தான். "போயிடலாம்."

"இரு."

"அம்மா!"

"எந்திரிச்சா அவளைத் தாண்டித்தான் போகணும். இருடா."

அது உண்மையும்தான், சாக்கும்தான். எது எவ்வளவு என்று வேணிக்கே தெரியாது.

ரஞ்சனி சரியாக வேணிக்குப் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, பையெல்லாம் நடுவுல வெச்சுக்கலாம், கூட்டம்தான் இல்லையே," என்று குரலை உயர்த்திச் சொன்னாள். தனக்கும் யமுனாவுக்கும் நடுவில் இருந்த இருக்கையில் பைகளை அடுக்கினாள். கெட்டிக்காரி. இந்தப் புத்தியெல்லாம் இவளுக்கு எப்போது வந்தது என்று வேணி நினைத்தாள். தான் பக்கத்தில் இல்லாத நாட்களில்தான் வந்திருக்க வேண்டும்.

யமுனா பைகளுக்கு அந்தப்புறம் சாய்ந்து உட்கார்ந்து படத்தில் கண்ணைப் பதித்தாள்.

இருக்கையின் கைப்பிடி மேல் ஒரு கை ஊர்ந்து வந்தது. வேணி அதைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தின்போது பூப்போல இருந்த கை, இப்போது உள்ளங்கையில் காய்ப்பு. இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பேச வேண்டியதைத் தினமும் மனசுக்குள் பேசிப் பேசி வைத்திருந்தாள் வேணி, ஒரு வார்த்தைகூட இப்போது வாய்க்கு வரவில்லை.

ரஞ்சனிதான் முதலில் வாய் திறந்தாள், உதடு அசையாமல். "அவருக்குத் திடீர்னு வேலை வந்துடுச்சும்மா. அக்கா தானா கிளம்பி வந்துட்டாங்க. வேணாம்னு சொன்னா சந்தேகப்படுவாங்கன்னு…"

"பரவால்ல. சாப்பிடுறியாடி?"

"ம்."

"என்னத்தைச் சாப்பிடுற? எலும்பு குத்துது கையில."

"உன் கையில வெங்காய வாசம்மா."

"உங்கப்பா வாசம்டி அது, மோந்துக்க."

ரஞ்சனி அந்தக் கையை எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்பது விரலில் ஈரம் பட்டுத்தான் தெரிந்தது. திரையில் பங்களா அம்மாவும் அழுதுகொண்டிருந்ததால், மூக்கை உறிஞ்சும் சத்தத்துக்கு யமுனா திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு, இத்தனை நாள் எதற்காக ஏங்கிக் கிடந்தாளோ அது, கனமாக, சூடாக, பால் வாசனையோடு வேணியின் மடிக்கு வந்தது.

பிள்ளை வீறிடப் போகிறது என்று பயந்தாள். யாழினி வீறிடவில்லை. வேணியின் மாஸ்க்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. வேணி மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, அந்தக் குட்டிக் கையைத் தன் வாயோடு சேர்த்துக்கொண்டாள். முகம் சரியாகத் தெரியவில்லை. திரையில் பகல் காட்சி வரும்போது கொஞ்சம் தெரியும், அடுத்த நொடி இருண்டுவிடும். அதனால் விரலால் பார்த்தாள். நெற்றி, புருவம், மூக்கு. மூக்கு சந்தேகமில்லாமல் மாதவன் மூக்கு. பெண் பிள்ளைக்கு இந்த மூக்கா என்று சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது.

"என்கிட்ட குடும்மா," என்று அரவிந்தன் கையை நீட்டினான்.

சற்று முன் போய்விடலாம் என்று பறந்தவன் இப்போது மடியை விரித்து, முதுகை நிமிர்த்தி, சமயபுரத்தில் ஊர் பார்க்க உட்காருவதுபோல உட்கார்ந்தான். பிள்ளை அவன் மடியில் ஏறியதும் தாடியை ஒரு கொத்தாகப் பிடித்தது.

"ஐயோ, விடு பாப்பா. மாமாடா."

"மாமா," என்று தனக்குத்தானே இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கு இது முதல் தடவை. யாழினியின் இரண்டு காதையும் தொட்டுப் பார்த்தான். குத்தாத, பஞ்சு மாதிரியான காது.

வேணிக்கு மனசு நிறைந்துவிட்டது. நிறைந்த கையோடு பயமும் வந்தது. இவ்வளவு ஆசையாக ஒரு பிள்ளையைப் பார்த்தால் கண் பட்டுவிடாதா? ஆசையாகப் பார்க்கிறவள் கண்தான் முதலில் படும் என்று அவள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் நம்புவார்கள். வேணி யோசிக்கவே இல்லை. மோதிர விரலால் தன் கண்ணோரத்து மையை வழித்து, பிள்ளையின் தாடையில் குண்டாக ஒரு பொட்டு வைத்தாள். அவள் வீட்டு வழக்கம் அதுதான். கன்னத்தில் இல்லை, தாடையில். ரஞ்சனிக்குச் சின்ன வயசில் வைத்தாள், மகள் மணவறையில் உட்கார்ந்திருந்தபோதும் இவள் எழுந்து போய் எல்லார் முன்னாலும் வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

வைத்துவிட்டுத் திருப்தியாகச் சாய்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அரவிந்தன் பிள்ளையை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தான். "இன்டர்வெல் வந்துடும். நான் போய் வண்டியை எடுத்து வெளிய நிறுத்துறேன். நீ ரெண்டு நிமிஷத்துல வந்துடு."

"சரி."

"அம்மா, ரெண்டு நிமிஷம்."

"சரின்னேன்ல?"

அவன் குனிந்தபடி, மூன்று பேரையும் தாண்டி இறங்கிப் போனான். ரஞ்சனி காலை மடக்கி வழிவிட்டாள். யமுனாவும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் காலை மடக்கி வழிவிட்டாள்.

நல்லவேளை என்று வேணி நினைத்தாள். உடனே எழுந்திருக்க வேண்டும் என்றும் நினைத்தாள். ஆனால் யாழினி அப்போதுதான் அவள் தோளில் கன்னத்தை வைத்து, புடவைத் தலைப்பை வாயில் போட்டுச் சப்ப ஆரம்பித்திருந்தது. இந்த ஒரு சீன் முடியட்டும். திரையில் போலீஸ் ஜீப் மலையேறியது. இன்னும் ஒரு சீன்.

"அம்மா, போ," என்றாள் ரஞ்சனி. சொன்னாளே தவிர, வேணியின் கையை விடவில்லை.

விளக்கெல்லாம் ஒரேயடியாக எரிந்தது.

வேணி அவசரமாகப் பிள்ளையை ரஞ்சனியிடம் தள்ளினாள். மாஸ்க்கை மேலே இழுத்தாள். தலையைக் குனிந்து பையில் எதையோ தேடுகிற மாதிரி தேடினாள். தலைப்பின் ஈரம் தோளில் குளிர்ந்தது.

பைகளுக்கு அந்தப்புறமிருந்து யமுனா எழுந்து சோம்பல் முறித்தாள். "என்னடி படம் இது, ஒரே அழுகை. பாப்பா தூங்கிட்டாளா?" என்றபடி குனிந்து யாழினியின் முகத்தைத் திருப்பினாள்.

யமுனாவின் கண் பிள்ளையின் தாடையில் நின்றது.

அந்த வீட்டில் பிள்ளையைத் தினமும் குளிப்பாட்டுவது யமுனாதான். இன்றைக்கும் அவள்தான் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று என்று பொட்டு வைத்தவள். தாடையில் வைக்கவில்லை. தாடையில் பொட்டு வைக்கும் ஒரு பெண்மணியை அவள் தன் கொழுந்தன் கல்யாணத்தில்தான் பார்த்திருக்கிறாள். என்ன விசித்திரமான வழக்கம் என்று அப்போது அவளே கேட்டுச் சிரித்தது வேணிக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

யமுனா தாடைப் பொட்டை விரலால் தொட்டாள். விரலில் மை ஒட்டியது, இன்னும் காயவில்லை. அவள் பார்வை அடுத்த இருக்கைக்கு வந்தது. மாஸ்க்குக்கு மேலே வேணியின் இரண்டு கண்கள் இருந்தன. ஒன்றில் மை இருந்தது. இன்னொன்றில் வழித்த தடம்தான் இருந்தது.

"அக்கா…" என்றாள் ரஞ்சனி.

யமுனா பிள்ளையை வாங்கினாள். இடுப்பில் வைத்து ஒரு முறை ஆட்டினாள். பிறகு வேணியைப் பார்த்து, முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற குரலில் கேட்டாள்:

"ஏங்க, கொஞ்ச நேரம் புள்ளையைப் பிடிச்சுக்கிறீங்களா? நாங்க பாத்ரூம் போயிட்டு வந்துடுறோம்."

வேணியின் பதிலுக்குக் காத்திருக்காமல் மடியில் வைத்துவிட்டாள். "வாடி," என்று ரஞ்சனியின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினாள். ரஞ்சனி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும்போது யமுனா மறு கையால் போனை எடுத்துக் காதில் வைத்தது வேணிக்கு நன்றாகத் தெரிந்தது.

யாருக்குப் பேசுகிறாள்? வீட்டுக்கா, தம்பிக்கா? ஒரு தாயின் தவிப்பு தெரிந்து பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனாளா? இல்லை, எழுந்து ஓட முடியாதபடி மடியில் கட்டிப்போட்டுவிட்டுப் போனாளா?

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. அரவிந்தன்தான். நின்றது, மறுபடி அதிர்ந்தது.

ஓடலாம். பிள்ளையைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, இன்டர்வெல்லுக்குத் திறந்துவிட்ட கீழ்க்கதவு வழியாக ஓடலாம். உருண்டு விழுந்தால்? முன்வரிசையில் பாப்கார்ன் தின்கிற அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு ஓடலாம். செவ்வாய்க்கிழமை அவள் புருஷன் கூண்டேற வேண்டும். ஒரு மனுஷன் செத்ததற்கு நியாயம் கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் பெயரை மாற்றினார்கள், ஜன்னலை அடைத்தார்கள், அந்த மனுஷன் வெங்காயம் உரித்தான். எல்லாவற்றையும் இந்த ஒரு நிமிஷத்தில் போட்டு உடைக்கிறோம் என்று வேணிக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் கால் எழவில்லை.

யாழினி அண்ணாந்து பார்த்தது. நல்ல வெளிச்சத்தில், நெற்றியும் கன்னமும் சின்ன இமையும் ஒவ்வொன்றாகத் தெரிய, யார் நீ என்று கேட்பதுபோலப் பார்த்தது. பிறகு, கேட்டது போதும் என்று முடிவு செய்தாற்போல, இரண்டு பல்லைக் காட்டிச் சிரித்தது.

"நான் உன் அம்மாச்சிடி தங்கம்," என்றாள் வேணி, யாருக்குக் கேட்டால் என்ன என்கிற குரலில்.

கதவு திறந்தது. யமுனா உள்ளே வந்தாள். அவளோடு ரஞ்சனி வரவில்லை. பின்னால் ஓர் ஆண் வந்தான். அவன் செருப்புச் சத்தம் படியில் ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்தது.

அது அரவிந்தனா, மாப்பிள்ளையா, ஜீப் ஓட்டுகிறவனா, வேணி பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணை எடுத்தால்தானே இன்னொரு முகத்தைப் பார்ப்பதற்கு?